அபிநயாவுக்கு எடுத்த துணிகள்

கச்சிராயபாளையம்
18.8.2025

அம்மாடி ராதிகா, எப்படி இருக்கிறாய்? வேளைக்குச் சாப்பிடுகிறாயா? உன் ஆஸ்பத்திரியில் வேலை எப்படி, அந்தப் பிரெஞ்சு வகுப்பு நடக்கிறதா, புதுச்சேரியில் மழை உண்டா? எல்லாவற்றுக்கும் பதில் எழுது. நானும் உன் அம்மாவும் இருக்கிறோம். கரும்பில் தோகை உரிக்க ஆள் தேடிக்கொண்டிருக்கிறேன். கோமுகி அணையில் தண்ணீர் ஏறுகிறது என்று சொல்கிறார்கள், நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை.

இன்லேண்டு வாங்கப் போனபோது தபால்கார வீரமணி சிரித்தான். போனை ஜோபியில் வைத்துக்கொண்டு கடிதம் எழுதுகிற ஆள் இந்த ஜில்லாவிலேயே நான்தான் என்றான். அவனுடைய அப்பாவும் தபால்காரர்தான். மலைக்கு நடந்தே போய் மணியார்டர் கொடுத்தவர். ஒரு தடவை கரடி எதிரே வர, பையைப் போட்டுவிட்டு மரத்தில் ஏறிவிட்டார். கரடி பையை மோந்து பார்த்துவிட்டுப் போய்விட்டதாம், தனக்குக் கடிதம் இல்லை என்று. சரி, அந்தக் கதை இப்போது வேண்டாம்.

ஆடி மூன்றாம் வெள்ளி அன்று நடந்ததை எழுத வந்தேன். உனக்குத் தெரிந்ததுதான். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் எனக்கு வரும். கல்யாணம் ஆகாமல் செத்துப்போன பெண்பிள்ளையைப் பூவாடைக்காரியாகக் கும்பிடுவது நம் பக்கத்து வழக்கம். வாய்க்கால் கரையில் நின்று பேர் சொல்லிக் கூப்பிட்டு, குடத்தில் தண்ணீரோடு அவளை வீட்டுக்கு அழைத்து வந்து, புதுத்துணியை மூங்கில் பெட்டியில் வைக்கிறோம். பழைய துணியை எடுத்து வீட்டுப் பெண் கட்டிக்கொள்ள வேண்டும். உன் அக்கா அபிநயா ஆறு வயதில் காய்ச்சலில் போனதிலிருந்து இருபத்திரண்டு வருஷம் அப்படித்தான் செய்தோம். நீயும் அப்படித்தான் கட்டினாய். இந்த வருஷம், போன ஆடிக்கு வைத்த கத்தரிப்பூ நிறப் புடவையை எடுத்துக் கொடுத்தபோது, கட்டமாட்டேன் என்று பெட்டியிலேயே போட்டுவிட்டு பஸ் ஏறிவிட்டாய். தட்டில் போட்ட சோறு அப்படியே இருந்தது.

இன்னொன்று. போன ஞாயிறு மத்தியானம் எனக்குப் போன் வந்தது. "அப்பா" என்றது உன் குரல்தான். கோபமே இல்லாமல் வெகுநேரம் பேசினாய். கொல்லையில் முருங்கை பூத்ததா, செவலை கன்று போட்டதா என்றெல்லாம் கேட்டாய். வைத்துவிட்டு சந்தோஷமாக உன் அம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவள் கையில் அவளுடைய போன். அதில் நீ. அப்பாவோடு பேசமாட்டேன் என்று அப்போதுதான் அவளிடம் சொல்லிக்கொண்டிருந்தாயாம்.

அதனால் இனி எனக்குப் போன் வேண்டாம். கடிதம் எழுது. அபிநயா ஒன்றாம் வகுப்புக்கு இரண்டு மாதம்தான் போனாள், அவளுக்கு எழுத்து தெரியாது. கடிதம் வந்தால் அது நீதான். என் எழுத்தும் அறிவொளி வகுப்பில் கற்றதுதான், தப்பு இருந்தால் பொறுத்துக்கொள்.

அப்பா ராஜாங்கம்


புதுச்சேரி
26.8.2025

அப்பாவுக்கு,

நான் உங்களுக்குப் போன் செய்யவில்லை. யாரோ தவறான எண்ணில் கூப்பிட்டிருப்பார்கள். பேச ஆள் கிடைத்தால் நீங்கள் விடமாட்டீர்கள்.

கடிதம்தான் வேண்டும் என்றால் எழுதுகிறேன். நேரில் சொல்ல முடியாததை எழுதிவிடலாம். எனக்கு இருபத்தாறு வயது. தீபாவளி, பொங்கல், பத்தாவது பாஸ் ஆனது, நர்சிங் சேர்ந்தது, எதற்காவது எனக்கென்று கடைக்குப் போய் ஒரு துணி எடுத்தீர்களா? அக்காவுக்கு எடுத்ததை ஒரு வருஷம் கழித்து நான் போட்டேன். மற்ற வீடுகளில் உயிரோடு இருக்கிற அக்கா போட்டுக் கழித்ததைத் தங்கை போடுவாள். நம் வீட்டில் செத்துப்போன அக்கா. அளவு மட்டும் எப்போதும் சரியாக இருந்தது. நிச்சயதார்த்தத்துக்கும் அதையே கட்டு என்றீர்கள். பிரவீன்குமார் வீட்டார் முன்னால் நான் அந்தப் புடவையில் நிற்கமாட்டேன்.

கனடாவில் பிரெஞ்சு பேசுகிற மாகாணத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை கிடைக்கும் போலிருக்கிறது. டிசம்பரில் எனக்குப் பரீட்சை. இந்த வாரம் சந்திரலேகா மேடம் ஒரு காலம் நடத்தினார். நடந்திருக்கலாம், ஆனால் நடக்கவில்லை, அப்படிப்பட்டதற்கென்றே ஒரு காலம். முதலில் ஒரு துணைவினை: அவ்வார், இல்லாவிட்டால் எத்ர். அதை நிபந்தனை வடிவில் நிறுத்த வேண்டும். அதன் பின்னால், முடிந்துபோன வினை. "ஓரெ க்ராந்தி" என்றால் வளர்ந்திருப்பாள். வருவது, போவது, பிறப்பது, சாவது எல்லாம் எத்ர் பக்கம். "ஸெரெ வெனு" என்றால் வந்திருப்பாள். "ஸி", அதாவது நம் "இருந்தால்", என்று தொடங்கும் பாதியில் இந்தக் காலம் வரக்கூடாது, அங்கே அதற்கும் முந்தைய இறந்தகாலம். வைத்தால் மேடம் சிவப்பு மையால் சுழித்துவிடுவார்.

பத்து வாக்கியம் எழுதி வரச் சொன்னார். பத்தையும் அபிநயாவை வைத்தே எழுதினேன். ஸி எல் அவெ வேக்யு, எல் ஓரெ க்ராந்தி. அவள் உயிரோடு இருந்திருந்தால் வளர்ந்திருப்பாள். படித்திருப்பாள். எனக்கு முன்னால் கல்யாணம் செய்துகொண்டிருப்பாள். வகுப்பிலேயே எனக்குத்தான் ஒரு சுழிப்பும் இல்லை. மற்றவர்கள் எல்லாரும் யோசித்து யோசித்து எழுதினார்கள், நான் வீட்டில் நடந்ததை எழுதினேன்.

ராதிகா


கச்சிராயபாளையம்
6.9.2025

ராதிகாவுக்கு அப்பா எழுதுவது. உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். துணி விஷயத்தில் நீ சொன்னது அத்தனையும் உண்மை. மற்றதைச் சொல்கிறேன்.

நடக்காததற்கு ஒரு காலம் வைத்திருக்கிறார்களாமே, கெட்டிக்காரர்கள்தான். அப்படியானால் இந்த இருபத்திரண்டு வருஷமும் நான் பிரெஞ்சுதான் பேசியிருக்கிறேன். முதல் ஆடிக்கு ஆறு வயதுப் பாவாடை வைத்தேன். அடுத்த ஆடிக்குத் தையல்காரர் அளவு கேட்டார். கையை இடுப்புக்கு நேராக வைத்துக் காட்டினேன். அதற்கு முந்தின வருஷத்தைவிட நாலு விரல் உயரம். யோசித்துச் செய்யவில்லை, கை தானாக ஏறியது. உன் அம்மா அன்றைக்கே சொன்னாள். வழக்கம் என்னவோ, செத்துப்போன வயதுக்கே துணி வைப்பதுதான். "செத்த புள்ளைக்கு வயசு ஏத்தாதீங்க" என்றாள். நான் கேட்கவில்லை. பாவாடை, தாவணி, சுடிதார், புடவை என்று போய்க்கொண்டே இருந்தது. உனக்கு அது தவறாகத் தெரியும். ஆனால் ஒரு வருஷம் முழுக்க அவளை நினைத்துப் பார்க்க எனக்கு வேறு வழி இல்லை. கடையில் நின்று, இந்த வயதில் அவளுக்கு எது பிடிக்கும் என்று யோசிப்பேனே, அந்த ஒரு மணி நேரம்தான் எனக்கு.

போன செவ்வாய்க்கிழமை வெள்ளிமலைக்கு மேலிருந்து மாதன் புளி கொண்டு வந்தான். நம் வீட்டுக்கு அவன் வந்து ஏழெட்டு வருஷம் இருக்கும். முட்டி வலி. பஸ்ஸில் வளைவுக்கு வளைவு வாந்தி எடுப்பான், அதனால் நடந்தே இறங்குவான், அதனால் முட்டி வலி, கேட்டால் சிரிப்பான். புளியை இறக்கிவிட்டு வேப்பமரத்தடியிலேயே நின்றான். உள்ளே வா, தண்ணீர் குடி என்றேன். வேண்டாம் என்று தலையாட்டினான்.

"பெரிய பாப்பா பின்னால தல வாரிக்கினு கீது. ஆம்பள நானு, எப்டி உள்ள வர்றது?"

எந்தப் பெரிய பாப்பா என்று கேட்டேன். எனக்கு எத்தனை பெண் என்று அவன் எண்ணிக் காட்டினான், இரண்டு விரல். சின்னவளைத்தான் போன தடவை பார்த்தேன், கத்தரிப்பூ புடவையில் இருக்கிறது பெரியவள் இல்லையா என்றான். உன் அம்மா அப்போது ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். வீட்டில் நான் மட்டும்தான். பின்பக்கம் போய்ப் பார்த்தேன். துவைக்கிற கல்லின்மேல் நீளமாக ஒரு தலைமுடி, சுருட்டி வைத்திருந்தது.

பெட்டியைத் திறந்தேன். நீ விட்டெறிந்த புடவை மடித்துத்தான் இருந்தது. நாங்கள் மடிக்கிற மாதிரி இல்லை. ஓரத்தில் சிவப்பு மண். மலையடிவார மண், நம் கொல்லையில் அந்த மண் இல்லை.

பயப்படாதே. எனக்குப் பயம் வரவில்லை. சொன்னால் திட்டுவாய், ஆனாலும் சொல்கிறேன், சந்தோஷமாகத்தான் இருந்தது. படித்திருப்பாள் என்று நீயே எழுதியிருக்கிறாயே. அதனால் உன் கடிதத்தையும் என் பேனாவையும் பெட்டிக்குள் வைத்தேன். அவளும் பார்க்கட்டும்.

அப்பா


14.9.2025

அப்பா,

எனக்குக் கோபம் போய்விட்டது. நான் நன்றாக இருக்கிறேன். கத்தரிப்பூ புடவையைக் கட்டிக்கொண்டேன். அளவு சரியாக இருக்கிறது. பிரவீன்குமார் பார்த்தார். நன்றாக இருக்கிறது என்றார். பிரெஞ்சு வகுப்பு இனி வேண்டாம்.

கல்யாணப் பட்டு எடுங்கள். அரக்கு நிறம். எடுத்துப் பெட்டியில் வைத்து என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடுங்கள். நான் வந்துவிடுகிறேன். நான் வந்த பிறகு நம் வீட்டில் சண்டை இருக்காது.

அம்மாவிடம் சொல்ல வேண்டாம்.

உங்கள் மகள்


கச்சிராயபாளையம்
19.9.2025

அம்மாடி, கோபம் போய்விட்டது என்று நீ எழுதியதைப் பார்த்ததும் என் நெஞ்சில் இருந்த பாரமெல்லாம் இறங்கிவிட்டது. கடிதம் இன்லேண்டில்கூட இல்லை, நோட்டுத்தாளை மடித்து வாசல்படி இடுக்கில் செருகியிருந்தது. வீரமணியைக் கேட்டால், தான் போடவில்லை என்கிறான். அவனுக்கு ஞாபகமறதி ஜாஸ்தி. போன மாதம் அவன் சைக்கிளையே கூட்டுறவு வங்கி வாசலில் மறந்துவிட்டு வீட்டுக்கு நடந்து போனவன். எழுத்தும் பெரிது பெரிதாக, கோட்டைத் தாண்டித் தாண்டி இருந்தது. டூட்டியில் அவசரமாக எழுதினாய் போலிருக்கிறது.

அரக்குப் பட்டு எடுத்துவிட்டேன். கள்ளக்குறிச்சிக்கு நான் மட்டும்தான் போனேன். கல்யாணத்துக்கு முன்னால் பூவாடை அழைப்பது வழக்கம்தான். 26ஆம் தேதி வெள்ளிக்கிழமை வாய்க்காலுக்குப் போகிறேன். நீ சொன்னபடி பட்டைப் பெட்டியில் வைத்துக் கூப்பிடுகிறேன். ஒரே ஒரு சந்தேகம். பேர் சொல்லிக் கூப்பிடு என்கிறாய். யார் பேரை?

அப்பா


புதுச்சேரி
22.9.2025
ஸ்பீடு போஸ்ட்

அப்பா,

நின்றுகொண்டே எழுதுகிறேன். நான் அந்தக் கடிதத்தை எழுதவில்லை. 26ஆம் தேதிக்குப் பிறகு நான் உங்களுக்கு எழுதியது எதுவும் இல்லை, ஆகஸ்ட் 26ஐச் சொல்கிறேன். பட்டு கேட்டது நான் இல்லை.

உங்கள் மூன்றாவது கடிதம் கிடைக்கும் முன்பே இங்கே ஒன்று நடந்தது. பிரவீன்குமார் என்னிடம், நேற்று பஸ் ஸ்டாண்டில் ஏன் அவ்வளவு அமைதியாக இருந்தாய் என்று கேட்டார். அந்த முந்தின நாள் முழுக்க நான் வார்டில் இருந்தேன். அவரோடு நடந்து, டீ குடித்து, கனடா எல்லாம் வேண்டாம், அப்பா பக்கத்திலேயே இருப்போம் என்று சொன்னேனாம். என்ன புடவை என்று கேட்டேன். கத்தரிப்பூ நிறம், உனக்கு ரொம்பப் பொருத்தம் என்றார். அந்தப் புடவையை நான் புதுச்சேரிக்குக் கொண்டுவரவே இல்லை, அவர் கண்ணால் பார்த்ததும் இல்லை.

இன்று காலை அவர் என்னைப் பார்த்துவிட்டு ஒரு நொடி தயங்கினார். நான் யார் என்று யோசிக்கிற தயக்கம்.

அப்பா, போன் செய்தால் எந்த மகள் பேசுகிறாள் என்று உங்களுக்குத் தெரியாது. கடிதத்திலும் இனித் தெரியாது, நீங்களே பேனா கொடுத்துவிட்டீர்கள். ஆனால் ஒன்றை வைத்துத் தெரிந்துகொள்ளலாம். நான் இன்னும் கோபமாக இருக்கிறேன். அவளுடைய கடிதத்தில் கோபமே இல்லை. உங்களோடு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் இருந்தவள் கோபம் இல்லாமல் எழுதுவாளா?

வகுப்பில் மேடத்திடம் கேட்டேன், இந்தக் காலத்தில் சொன்னது பிறகு எப்போதாவது நடக்குமா என்று. நடக்காது, கதவு சாத்தியாகிவிட்டது, அதனால்தான் அதை அவ்வளவு அமைதியாகச் சொல்ல முடிகிறது என்றார். நீங்கள் அந்தக் கதவைச் சாத்தவே இல்லை. வருஷத்துக்கு நாலு விரல் திறந்துகொண்டே வந்தீர்கள்.

கல்யாணப் பட்டைப் பெட்டியில் வைத்து அவளைக் கூப்பிட்டால், மணவறையில் உட்காரப்போவது அவள். நான் எங்கே இருப்பேன் என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா சொன்ன வழக்கப்படி ஆறு வயதுப் பாவாடை வையுங்கள். முடியாது என்றால் அதையும் எழுதிவிடுங்கள். இருக்கிற மகளா, இருந்திருக்க வேண்டிய மகளா என்று உங்கள் வாயால் எனக்குத் தெரிய வேண்டும்.

ராதிகா


கச்சிராயபாளையம்
27.9.2025, காலை

ராதிகா, அம்மாடி, எப்படி இருக்கிறாய்? பிரவீன்குமார் தம்பி உன்னை உன் பேர் சொல்லிக் கூப்பிடுகிறாரா? அதை முதலில் எழுது.

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவள் எழுத்துக்கூட்டிப் படித்து முடிக்கிற வரைக்கும் நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன், மாடு குடித்து முடித்த பிறகும் காட்டிக்கொண்டிருந்தேன். அவள் வந்து பக்கத்தில் நின்றாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"நானும் அவள பாத்துக்கினுதாங்க இருந்தேன், போன தையிலருந்து" என்றாள். "வூட்டு வேல எல்லாம் செய்யுது. நல்ல புள்ள. ஆனா ஒருநா என்ன அம்மான்னு கூப்ட்டுச்சு, ராதிகா குரல்ல. அன்னிக்கித்தான் நான் திரும்பிப் பாக்காம வெளிய ஓடியாந்துட்டேன்."

இத்தனை நாள் இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் தெரியாமல் ஒரு பிள்ளையை வளர்த்திருக்கிறோம்.

வியாழக்கிழமை மறுபடி கள்ளக்குறிச்சி போனேன். பஸ்ஸில் இடம் கிடைத்தும் நின்றுகொண்டே போனேன். சின்னப்பிள்ளைத் துணிக்கடையில் ஷாலினி என்று ஒரு பெண், நம் வடக்கனந்தல் பக்கம்தான், நிறைய பாவாடை எடுத்துப் போட்டாள். மஞ்சளில் கிளி போட்டது ஒன்று. அதைக் கையில் எடுத்தபோதுதான் தெரிந்தது, ஆறு வயது என்றால் எவ்வளவு சின்னது என்று. என் இரண்டு கை அகலம்கூட இல்லை. இவ்வளவு சின்ன உடம்புக்கா அந்தக் காய்ச்சல் வந்தது என்று இருந்தது. நான் அதை மறந்தே போயிருந்தேன். வளர்ந்தவளைப் பார்த்துப் பார்த்து, செத்தவளை மறந்துவிட்டேன்.

நேற்று மத்தியானம் நானும் உன் அம்மாவும் வாய்க்காலுக்குப் போனோம். தண்ணீர் நிறையப் போகிறது. பெட்டியையும் எடுத்துப் போயிருந்தோம். கத்தரிப்பூ புடவையை எடுத்துத் தண்ணீரில் விட்டேன். அது போகவில்லை, கரையோரமாகவே நின்றது, விரித்த மாதிரி. உள்ளே ஆள் இருக்கிற மாதிரி மேடாக. உன் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் இடுப்பளவு இறங்கி அதைத் தள்ளிவிட்டேன். கையில் பட்டது துணிதான், வேறு ஒன்றும் இல்லை என்று உனக்கு எழுத ஆசை. துணி வெதுவெதுப்பாக இருந்தது. அவளிடம் ஒன்று சொன்னேன். நீ நன்றாகத்தான் வளர்ந்தாய், நான்தான் உன்னை வளர்த்திருக்கக் கூடாது என்று சொன்னேன். அதற்கப்புறம் அது போய்விட்டது.

குடத்தில் தண்ணீர் மொண்டு, ஆறு வயது அபிநயா வா என்று இரண்டு தடவை கூப்பிட்டேன். வயதைச் சேர்த்துக் கூப்பிட வேண்டும் என்று உன் அம்மா சொன்னாள். மூன்றாவது தடவை அவள்தான் கூப்பிட்டாள். கிளிப் பாவாடையைப் பெட்டியில் வைத்து வீட்டுக்கு வந்தோம்.

அரக்குப் பட்டு பெட்டிக்குள் போகவே இல்லை. காகிதம்கூடப் பிரிக்கவில்லை. இன்றைக்குப் பார்சலில் உனக்கு அனுப்புகிறேன். உனக்கு என்ன நிறம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது, இருபத்தாறு வருஷத்தில் கேட்டதே இல்லை. இது அவள் கேட்ட நிறம். பிடிக்கவில்லை என்றால் மாற்றிக்கொள், துண்டுச்சீட்டு உள்ளேயே இருக்கிறது. நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் வியாழக்கிழமையே வந்துவிடுகிறோம். இருக்கிற மகள்தான், அம்மாடி. கேட்டாயே, எழுதிவிட்டேன். எழுதுவதற்கு மூன்று நாள் ஆனது, அதற்கும் நீ கோபப்படலாம்.

நேற்றிலிருந்து வீடு வெறிச்சென்று இருக்கிறது. துவைக்கிற கல் காய்ந்து கிடக்கிறது. உன் அம்மா பால் ஊற்றப் போயிருக்கிறாள். நான் உள்ளே உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வாசலில் யாரோ ஒரு சின்னப்பிள்ளை வந்து நிற்கிறது, பக்கத்து வீட்டுப் பிள்ளை மாதிரி தெரியவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு என்னையே பார்க்கிறது. மஞ்சள் பாவாடை. நரைத்த தலையைப் பார்த்து மிரள்கிற மாதிரி ஒரு அடி பின்னால் வைக்கிறது. கூப்பிடுகிறது.

"தாத்தா, எங்கப்பா வூட்ல இல்லியா?"

இரு அம்மாடி, பிள்ளை அழப்போகிறது, நான் போய் அதனிடம் உங்கப்பா